போரில் மாய்ந்தார்க்குச் சைவர் செய்கடன்

ஐப்பசி கழிந்து கார்த்திகை நடக்கும் இடைக்காலத்தே, போரில் மாய்ந்தாரை நினைக்கும் நாட்கள் மூன்று நம் ஈழநாட்டில் அடுத்தடுத்து வருகின்றன. நவம்பர் 11 ஆம் நாள், 1918 இல் முதலாம் உலகப்பெரும்போர் ஓய்ந்த நாளாதலின், ஆங்கிலவரசின் கொடிக்கீழ் நின்று மாய்ந்தார்க்குச் செம்மலர் சூட்டும் நாளாயிற்று. 26 ஆம் நாள், 1818 இல் கெப்பெட்டிப்பொல திசாவை கண்டிமாநகரிலே தலை துணிக்கப்பட்ட நாள். 27 ஆம் நாள், வடக்கினும் கிழக்கினும் உள்ள தமிழ்த்தாயர் பலர் போரிலே போன தம் மக்களை எண்ணி விளக்கேற்றும் நாள். இந்நாட்களை ஒட்டியே திருக்கார்த்திகை விளக்கீடும் வருகின்றது. எனினும் முதல் நாளை ஒரு கூட்டத்தாரும், இரண்டாம் நாளை மற்றொரு கூட்டத்தாரும், மூன்றாம் நாளை வேறொரு கூட்டத்தாரும் கொண்டாடுவதன்றி, ஒருவர் நாளை மற்றவர் திரும்பியும் பார்ப்பதில்லை. பார்ப்பாருளராயினும் அவருட் பலர் முகஞ்சுளித்தே பார்க்கின்றனர். இவ்விடயத்திற் சைவர்க்கு நம் அடியார் வரலாறு காட்டும் நெறி யாதென்பதை இங்கே சிறிது ஆராய்வாம்.

போரும் படையும் அரசியலாரைச் சார்ந்தன, சமயச் சொற்பொழிவில் அவற்றுக்கு இடமென்னையெனச் சிலர் வினவுவர். அங்ஙனம் வினவுவார் திருத்தொண்டர் புராணத்தை ஊன்றிப் படித்தாரல்லர் என்பது எம் கருத்து. அறுபத்துமூவருள்ளே படைத்தொழிலார் பலர். ஏனாதிநாதர் வாள்வித்தை பயிற்றிய ஆசிரியர். கோட்புலியார் சோழனுடைய சேனைத்தலைவர். முனையடுவார் கூலி பெற்றுப் போர்செய்து அக்கூலியை அடியார்க்கு அமுதாக்கியவர். சிறுத்தொண்டரோ பல்லவன் படைக்குத் தலைமை தாங்கி வாதாபியைப் பொடிபடுத்தி மீண்டவர். இவர்தம் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் பெருமானும் சோழப்பேரரசின் அமைச்சராயிருந்து போரின் வரவுசெலவை அருகிருந்து கண்டவரே. ஆகவே போரை அறியாதார் பாடிய நூலென்று அதனை ஒதுக்கல் இயலாது.

அந்நூலுள் இப்பொருளுக்கு நேரே விடை தருவது புகழ்ச்சோழர் சரிதம். உறையூரிலிருந்து ஆண்ட அவர் கருவூரிலே தங்கித் திறை கொள்ளுங் காலத்து, அதிகன் என்பான் ஒருவன் திறை செலுத்தாது மலையரணில் இருந்தான். அரசர் ஏவப் படை சென்றது, அரண் அழிந்தது, வென்றவர்கள் யானையும் குதிரையும் பொருளும் கொணர்ந்ததோடு, வெட்டுண்ட பகைவர் தலைகளையும் குவியல் குவியலாகக் கொணர்ந்து அரசன் முன்னிலையில் வைத்தனர். அக்காலத்து வெற்றியைக் கணக்கிட்ட முறை அது. அரசர் அக்குவியலை நோக்குங்கால் ஒரு தலையிலே சிறு சடை கிடக்கக் கண்டார். கண்டவுடன் நடுங்கினார்; கண்ணீர் சொரிந்தார்; சைவநெறியைக் காத்து ஆண்டேன் யானெனத் தம்மைத் தாமே இகழ்ந்தார். மகனுக்கு முடிசூட்டுமாறு அமைச்சர்க்குக் கட்டளையிட்டு, நீறு சண்ணித்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தம் முடிமேற் சுமந்து, அழலை வலம்வந்து புகுந்தார்.

அன்பர்காள், இங்கே உய்த்துணர வேண்டுவது ஒன்றுண்டு. அத்தலை எவருடையது? சோழர்படையில் நின்று வீழ்ந்தவனுடையதன்று, எதிர்ப்படையில் நின்றவனுடையது. அவன் பெயரைச் சேக்கிழார் கூறிற்றிலர். அரசர்க்கு உறவினனோ உதவியவனோ அல்லன். அவன் செய்த போர்த்தொழில் யாதென்றும் அரசர் வினவினாரல்லர். தம்மை எதிர்த்தவன் என்பது தெளிந்த பின்னரும் அவன் தலை தம் முடியினும் உயர்ந்த இடத்தே இருக்கத்தக்கதென்று கண்டார். தன் பக்கத்து வீரனைப் போற்றுதற்கு ஒரு நாயனார் வேண்டுவதில்லை. அதனை உலகம் தானே செய்யும். தலைக்குவியலினுள்ளே தலையொன்றை அடையாளங் காணுதற்கே அடியார் கண் வேண்டும். அரசர் தீப்புகுந்ததைப் பின்பற்றுமாறு எவர்க்கும் யாம் கூறவில்லை. அக்கண்ணை மாத்திரமே வேண்டுகின்றோம்.

இனிக் கண்டிக்கு வருவாம். இங்கும் ஒரு தலையின் வரலாறு உண்டு. 1815 இல் கண்டியரசு ஆங்கிலர் கைப்பட்டது. 1817 இல் ஊவாப்பகுதியிற் கலகம் மூண்டபோது, அதனை அடக்குமாறு ஆங்கிலராலேயே அனுப்பப்பட்டவர் மொனரவில கெப்பெட்டிப்பொல திசாவை. சென்ற அவர் மக்கள் பக்கமே நியாயமுண்டெனக் கண்டு, தமக்கு ஆங்கிலர் தந்த படைக்கலங்களைத் திருப்பியனுப்பிவிட்டுக் கலகத்தார்க்குத் தலைவரானார். ஆங்கிலர் தந்ததைக்கொண்டு ஆங்கிலரைச் சுடேன் என்ற இச்செய்கையைப் பகைவரும் மெச்சினர். அக்கலகம் துரைசாமி என்னும் பெயர்பூண்டு, சிறைப்பட்ட நாயக்க மன்னனுக்கு உறவினனென்று சொல்லிவந்த ஒருவனை முன்னிறுத்தி எழுந்ததென்பதும் நம்மவர் மறந்த செய்தி. 1818 அக்டோபரிலே திசாவை பிடிபட்டார். நவம்பர் 26 ஆம் நாள் தலதா மாளிகையில் வழிபாடு முடித்துக் கொலைக்களஞ் சென்றார்.

வெட்டுண்ட தலையை ஆங்கிலப்படை வைத்தியர் ஹென்றி மார்ஷல் எடுத்துச்சென்று, எடின்பரோ நகரிலே மண்டையோட்டின் வடிவைக்கொண்டு மனிதர் குணத்தைக் கணிக்க முயன்ற சங்கத்தார்க்குக் கொடுத்தார். இதில் ஒரு விந்தை உளது. அதே மார்ஷல் பின்னர்த் தாம் எழுதிய இலங்கை வரலாற்று நூலில், கலகம் வெற்றி பெற்றிருப்பின் இவர் துரோகியென்று இகழப்படாது நாட்டுப்பற்றாளரென்று போற்றப்பட்டிருப்பார் என்னும் கருத்துப்பட எழுதினார். எழுதிய கை வேறு, தலையை எடுத்துச்சென்ற கை வேறு அன்று. அறிவு ஒரு பக்கமும் மரியாதை ஒரு பக்கமுமாக ஒரே மனிதனுள் பிரிந்துகிடத்தல் கூடுமென்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அத்தலை 136 ஆண்டு கழிந்து 1954 இலே கண்டியில் தலதா மாளிகையின் முன்னர் அடக்கம்பெற்று, அதன்மேல் நினைவுத்தூண் எழுந்தது. அவரையும் அவருடன் நின்றாரையும் துரோகிகளென்று சாற்றிய பழைய அரசிதழ் அறிவிப்பு நீக்கப்பட்டதோ 2016 டிசம்பரில்; ஏறக்குறைய இருநூறு ஆண்டு. ஒருவன் துரோகியோ வீரனோ என்பதை அவன் இறந்த ஆண்டிலே அறுதியிட்டுச் சொல்வார் இதனைச் சிந்திக்கக் கடவர். (அந்நாயக்க மன்னனாகிய ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் 1832 இல் வேலூர்ச் சிறையில் மாய்ந்தான். பாலாற்றங்கரையில் அவனடங்கிய இடத்தே தமிழ்நாட்டரசு முத்துமண்டபம் எழுப்பியது 1990 இல்.)

இனி, நகரினின்றும் பேராதனைக்குச் செல்லும் பெருந்தெருவுக்கு ஒருபுறத்தே, தெய்யன்னேவெல என்னுமிடத்தில் ஒரு கல்லறைத்தோட்டம் உண்டு. கண்டிவாழ் சைவருள் அதனுட் புகுந்தார் மிகச் சிலரே. இரண்டாம் உலகப்போர்க்காலத்து, 1942 ஏப்ரலில், யப்பானியர் கொழும்பிலும் திருக்கோணமலையிலும் குண்டு பொழிந்தனர். 1944 இல் தென்கீழாசியப் பெரும்படையின் தலைமைத்தானம் மவுண்ட்பேட்டன் பிரபுவின்கீழ்ப் பேராதனைப் பூந்தோட்டத்திலே அமைந்தது. கண்டியில் அந்நாளிற் போர் நிகழ்ந்ததில்லை. ஆயினும் படை தங்கிய இடமெல்லாம் காய்ச்சலும் விபத்தும் தங்கும். அவ்வாறு மாய்ந்தாரே அத்தோட்டத்திற் கிடப்பாருட் பலர். மொத்தம் 203 பேர். அவருள் ஆங்கிலநாட்டார் 107, கிழக்காபிரிக்கர் 35, இலங்கையர் 26, இந்தியர் 23, கனடாநாட்டார் 6, இத்தாலியர் 3, பிரெஞ்சுக்காரர் 1, இன்னாரென்று அறியப்படாதார் 2.

இக்கணக்கை மெல்லப் படிக்குமாறு வேண்டுகின்றோம். இத்தாலி 1940 முதல் 1943 வரை ஆங்கிலர்க்குப் பகைநாடு. அந்நாட்டார் மூவர் ஆங்கிலரோடு ஒரே புல்வெளியில், ஒரே காவலாளியின் பராமரிப்பில் துயில்கின்றனர். கிழக்காபிரிக்கர் முப்பத்தைவரோ கெனியா, உகண்டா, தங்கனீக்கா, நியாசலாந்து என்னும் நாடுகளினின்றும் திரட்டிக் கொணரப்பட்ட படையினர். அவர்படையுள் ஒருபகுதி இங்குப் பயின்று பின் பர்மாப்போருக்குச் சென்றது. மொம்பாசாவிலிருந்து கொழும்பை நோக்கி அவர்தம் பீரங்கிப்படையாரை ஏற்றிவந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்னும் கப்பல் 1944 பெப்ரவரி 12 ஆம் நாள் மாலைதீவுக்கு அருகே யப்பானிய நீர்மூழ்கியாற் பிளவுண்டு, சில நிமிடங்களில் அமிழ்ந்தது. மாய்ந்தோர் 1,297 பேர். அவர்க்குக் கடலே கல்லறை. கண்டியிற் கிடக்கும் முப்பத்தைவர்க்காயினும் ஆறடி நிலமும் ஒரு கல்லும் கிடைத்தன. அவர் ஊரினின்றும் மகனோ பேரனோ வந்து அக்கல்லைத் தொடுதல் எத்துணை அரிது!

அத்தோட்டத்தைப் பேணுவது 1917 இல் நிறுவப்பட்ட போர்க்கல்லறை ஆணைக்குழு. செல்வனென்றும் வறியனென்றும், தளபதியென்றும் சிப்பாயென்றும் வேறுபாடின்றிச் சமமான கல் நாட்டுதல் என்பது அக்குழுவார் தொடக்கத்திலேயே மேற்கொண்ட விதி. மிக நல்ல விதி. ஆனால் விதி வேறு, வழக்கு வேறு. 2021 ஏப்ரலில் அக்குழுவாரே ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, முதலாம் உலகப்போரில் மாய்ந்த இந்தியர், ஆபிரிக்கர் முதலாயினாருள் 45,000 முதல் 54,000 வரையினோர் வெள்ளையர்க்கு ஒப்ப நினைக்கப்பட்டாரல்லர். குறைந்தது 1,16,000 பேரும், ஒருகால் 3,50,000 பேர் வரையும், பெயர் பொறிக்கப்படாமலோ முற்றும் மறக்கப்பட்டோ போயினர். ஆணைக்குழுவார் அதற்கு மன்னிப்பு வேண்டினர். நூறாண்டு கழிந்து வந்த மன்னிப்பாயினும், தம் குற்றத்தைத் தாமே எண்ணி எழுதிய அறிக்கை அது. நம்மிடையே எக்கட்சியார் இங்ஙனம் ஓர் அறிக்கை எழுதினர்?

இவ்வரிசையில் வேறு மூவரையும் நினைத்தல் தகும். கொக்கோஸ் தீவிலே காவலிருந்த இலங்கைப் பீரங்கிப்படையினர் சிலர் 1942 மே மாதத்தில் மேலதிகாரிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்து தோற்றனர். கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கௌடர், டி சில்வா என்னும் மூவர் அவ்வாண்டு ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர். ஒரே போர், ஒரே சீருடை. ஒருவனுக்குக் கல்லும் மலரும், ஒருவனுக்குக் கயிறு. இவர் செயலை நன்றென்றோ தீதென்றோ தீர்ப்புரைக்க யாம் புகவில்லை. தாயொருத்தி பெற்ற வலி மூவர்க்கும் ஒன்றே என்பதே யாம் சொல்லத்தக்கது.

இறந்த வீரனுக்குக் கல்நடும் வழக்கம் மேலைநாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறையாகத் தொல்காப்பியம் அதனை வகுத்தது. கல்லைக் கண்டு தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக ஒவ்வொன்றும் தனித்தனிச் செயல். செங்கம் பகுதியிற் கிடைத்த நடுகற்கள் பல்லவர் காலத்தன பல. அவற்றுள் அரசர் போரில் மாய்ந்தாரினும் ஊர் ஆநிரையை மீட்கப் புகுந்து மாய்ந்த எளியவரே மிகுதி. பின்வந்த சோழர் காலத்திலோ வீழ்ந்த வேந்தரை அடக்கிய இடத்தே சிவாலயம் எடுக்கும் வழக்கம் பெருகிற்று. பள்ளிப்படை என்பது அதன் பெயர். வீரனை வணங்க வந்தவர் அவன்மேல் நின்ற சிவலிங்கத்தை வணங்கிச் சென்றனர். வீரம் முடிவில் எவன்பால் ஒடுங்குமென்பதை இதனினும் தெளிவாகக் கல்லிற் கூறல் அரிது.

இவையெல்லாவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்வது ஒரு சிறு சொல். போரில் மாய்ந்தவன் குடும்பத்தார்க்கு ஊரார் விட்ட நிலத்துக்கு 'உதிரப்பட்டி' என்றும் 'நெய்த்தோர்பட்டி' என்றும் பெயர். உதிரமும் நெய்த்தோரும் குருதியே. குருதி சிந்தியவனுக்குக் கல்; அவன் மனைவி மக்களுக்குக் கழனி. கல்லை நட்டுவிட்டுக் கழனியை மறந்தவர் பாதிக்கடனே செய்தவராவர். சிறுத்தொண்டர் சரிதமும் இதனையே காட்டும். வாதாபியினின்றும் மீண்ட அவர் சிவனடியார் என்று அறிந்த பல்லவன், அடியாரைக் கொடும்போரில் ஏவினேனே என்று அஞ்சிப் பொறுத்தருள வேண்டி, நிதிக்குவை கொடுத்துப் பணியினின்று விடுவித்துச் செங்காட்டங்குடிக்கு அனுப்பினான். போர்வீரனிடத்து மன்னிப்பு வேண்டிய மன்னனை உலகவரலாற்றில் யாம் வேறெங்குங் கண்டிலேம். நம் நாட்டிலோ 2016 நவம்பரில், போரில் உறுப்பிழந்த படைவீரர் ஓய்வூதியம் வேண்டிக் கொழும்பு வீதியிலே இருந்தனர். காவற்படையார் கண்ணீர்ப்புகை வீசினர். 1818 இல் மாய்ந்தார்க்கு மரியாதை மீண்டது அதற்கு அடுத்த மாதத்திலே. இறந்தவனைப் போற்றல் எளிது. அவன் உண்பதில்லை, வழக்காடுவதுமில்லை.

இனி நம் நாட்டில் 2009 மே மாதத்தில் முடிந்த போரைப்பற்றிப் பேசாது இவ்விடயத்தை முடித்தல் கோழைமையாகும். கண்டியைச் சூழ்ந்த சிங்களச் சிற்றூர்களில் வழிச்செல்வார் நிழலுக்கு ஒதுங்கும் பேருந்துத் தரிப்பிடங்கள் சில, போரிலே மாய்ந்த அவ்வூர் இளைஞர் பெயரைத் தாங்கி நிற்கும். பெற்றோர் கையிற் கிடைத்த சிறுபொருளைக் கொண்டு கட்டிய அறம் அது. நிழல் தருவதாதலின் எம் கண்ணுக்கு மிகவும் அழகிய நினைவுச்சின்னம். மழைக்கு ஒதுங்கும் தமிழன் அப்பெயரைப் படித்து, 'எவரோ பெற்ற பிள்ளை' என்று ஒரு மூச்செறிவானாயின் அவன் சைவத்துக்கு இழுக்கு யாதுமில்லை. அவ்வாறே, வடக்கிற் கோப்பாயில் இருந்த துயிலுமில்லம் இடித்து நிரவப்பட்டு, 2011 இல் அவ்விடத்தே படையின் தலைமையகம் திறக்கப்பட்டது என்னுஞ் செய்தியைப் படிக்கும் சிங்களத் தாயொருத்தியும் மூச்செறிதல் வேண்டும். அங்கே கிடந்தாருட் பலர் விரும்பிச் சென்றவர். சிறுவர் சிலர் வலிந்து கொண்டு செல்லப்பட்டவர். அவரை அனுப்பிய இயக்கம் செய்த கொலைகளுக்கு யாம் பரிந்து பேசுவோமல்லேம். ஆயினும் கல்லைப் பெயர்த்தல் எந்தக் கொலைக்கும் தண்டமாகாது. தண்டம் இறந்தவனைச் சென்று சேர்வதில்லை. மாவிளக்கோடு வந்து இடந்தெரியாது நின்ற தாயையே சேரும். புகழ்ச்சோழர் தம் படையினர் கொணர்ந்த தலையைக் கண்டு நடுங்கினாரேயன்றி, அத்தலைக்கு உரியவன் எக்கட்சியானென்று ஆராய்ந்திலர்.

இவ்வாறு கூறுதலால், வீரரைப் போற்றல் என்னும் பெயரால் போரைப் போற்றுதலை யாம் ஏற்பதாகக் கொள்ளற்க. முழக்கமும் கொடியும் தோரணமும் இருந்து, எதிர்ப்பக்கத்தார்க்கு ஒரு துளி நீர் இல்லாத நினைவுநாள், தலைக்குவியலை எண்ணி மகிழ்ந்த சேனையின் களிப்பே. அது வடக்கில் நடப்பினும் தெற்கில் நடப்பினும் ஒன்றே.

நம் முன்னோர் விதித்த கிரியை ஒன்று இங்கே உதவும். நீர்க்கடன் செய்வோன் தந்தைக்கும் பாட்டனுக்கும் தாயர்க்கும் எள்ளுநீர் இறைத்த பின்னர், இறுதியிலே தாயுந் தந்தையும் சுற்றமும் மகவும் இல்லாது நீர் இறைப்பாரற்றுப் போனார் யாவர்க்கும் என்று ஒரு கைந்நீர் விடுதல் வழக்கம். அவசரத்தில் இக்காலத்தார் விட்டுவிடும் பகுதியும் அதுவே. புரோகிதர் விரைந்தாலும் செய்வோன் விரைதலாகாது. தெய்யன்னேவெலயிற் கிடக்கும் ஆபிரிக்கன், பெயரறியா இருவர், மாலைதீவுக்கடலில் அமிழ்ந்தோர், முள்ளிவாய்க்காலிற் புதையுண்டோர், வன்னிக்காட்டில் வீழ்ந்து உடல் கிடையாத கண்டிச்சிப்பாய் ஆகிய யாவரும் அக்கைந்நீருக்கு உரியவர். அவர்தம் சமயம் யாதென்று நீர் கேட்பதில்லை.

ஆகலின் கண்டிவாழ் அன்பர்க்கு ஒன்று கூறுவாம். பேராதனைக் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு நகரிலிருந்து செல்லும் நாளொன்றிலே, குடும்பத்தோடு சிறிது முன்னாகப் புறப்படுக. வழியில் அத்தோட்டத்துள் நுழைந்து, பிள்ளைகளைக்கொண்டு பெயர்களை உரக்கப் படிப்பிக்க. ஆபிரிக்கப் பெயர்களைப் பிள்ளைகள் தட்டுத்தடுமாறிப் படிப்பர், படிக்கட்டும், திருத்தற்க. இந்தியர் இருபத்துமூவர் கற்களையும், இலங்கையர் இருபத்தறுவர் கற்களையும், இத்தாலியர் மூவர் கற்களையும் விடற்க. மலர் கொண்டுசெல்லின் காவலாளியைக் கேட்டு வைக்க. அவர் நாடோறும் செய்யும் பணி அப்பர்பெருமான் உழவாரத்தாற் செய்த பணிக்கு அயலதன்றாதலின் அவரையும் வணங்கிக்கொள்க. அமாவாசையாயின் மாவலிகங்கையில் இறங்கி நீர்க்கடன் முடிக்குங்கால், அந்த இறுதிக் கைந்நீரை எள்ளோடு விடுக.